ராஸ் போக்கர்: சின்ன சீட்டு ஜெயிக்கும் ஆட்டத்தை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

கேள்வி: டெக்சாஸ் ஹோல்டெம் ஓரளவு ஆடத் தெரியும். நண்பர்களோடு ஹார்ஸ் (ஐந்து வகைப் போக்கர் ஆட்டங்கள் மாறி மாறி வரும் கலவை) ஆடும்போது ராஸ் சுற்று வந்தாலே குழம்பிவிடுகிறேன். யார் முதலில் பந்தயம் வைக்க வேண்டும், கடைசியில் எந்தக் கை ஜெயித்தது என்பதே சட்டென்று பிடிபடுவதில்லை. விதிகளை அடியிலிருந்து விளக்க முடியுமா?

பதில்:

ராஸின் விதிகள் குறைவு. ஒரு மாலையில் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம். ஹோல்டெமில் பழகிய கண் ஜோடியையும் பெரிய சீட்டையும் தேடும்; ராஸில் அதே கண் கையிலுள்ள பெரிய சீட்டு எது என்று பார்த்து, அங்கிருந்து கீழே இறங்கி வர வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் யார் முதலில் பேசுவது (பந்தயத்தைத் தொடங்குவது), யார் ஜெயித்தது, தொடர்ந்து ஆடலாமா, சீட்டைப் போட்டுவிட்டு விலகலாமா என்ற மூன்று கேள்விக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும். அதனால் பந்தய முறைக்குப் போகும் முன் கையைப் படிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய கை ஜெயிக்கும் ஏழு சீட்டு ஸ்டட் ஆட்டத்தைத் தலைகீழாக்கினால் ராஸ். ஒவ்வொருவருக்கும் ஏழு சீட்டு வரை வரும்; அதில் ஐந்தைப் பொறுக்கி மிகச் சிறிய கையை அமைப்பவருக்குப் பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை. ஏஸ் எப்போதும் ஒன்றுதான், அது பெரிய சீட்டாக மாறவே மாறாது. ஸ்ட்ரெயிட்டுக்கும் (ஐந்தும் அடுத்தடுத்த எண்ணாக வருவது) ஃப்ளஷுக்கும் (ஐந்தும் ஒரே பூவாக, அதாவது ஒரே இனமாக வருவது) இங்கே மதிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆகவே 5-4-3-2-ஏஸ் என்ற கைதான் ஆட்டத்தின் உச்சம். அதை வீல் என்பார்கள். ஐந்தும் ஒரே பூவாக இருந்தாலும் அது வீல்தான்.

இரண்டு கைகளை ஒப்பிட, ஐந்து சீட்டையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, ஐந்து இலக்க எண்ணாகப் படியுங்கள். ஏஸை 1 என்று வையுங்கள். எந்த எண் சிறியதோ அந்தக் கை ஜெயித்தது. ஒருவரிடம் 8-6-3-2-ஏஸ், இன்னொருவரிடம் 8-5-4-3-2 என்றால், 86,321 ஒரு பக்கம், 85,432 மறுபக்கம். இரண்டாவது கைக்குத்தான் பாட். புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முதல் கையில் ஏஸ், 2, 3 எல்லாம் இருக்கிறதே என்று அது அழகாகத் தெரியும். ஆனால் அடியில் இருக்கும் ஏஸுக்கு மேலே உள்ள நான்கும் சமமாக இருந்தால்தான் வேலை. மேசையில் ஆடுபவர்கள் கையை மேலிருந்து இரண்டு எண்ணால் குறிப்பிடுவதும் இதனால்தான்: முதல் கை 'எட்டு-ஆறு', இரண்டாவது 'எட்டு-ஐந்து'. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா வந்தாலும் இதே வரிசைதான். ஐந்தும் சமமாக இருந்தால் பாட்டைப் பங்கிட வேண்டும்; ஜெயித்தவரைத் தீர்மானிக்கப் பூவைப் பார்ப்பதில்லை.

ஜோடி இருந்தால்? ஜோடி இல்லாத எந்தக் கையும் ஜோடியுள்ள எந்தக் கையையும் வெல்லும். ராஜா தலையில் உள்ள (ராஜாவே மிகப் பெரிய சீட்டாக இருக்கும்) மோசமான கைகூட ஒரு ஏஸ் ஜோடியை வென்றுவிடும். ஆனால் ஏழு சீட்டில் ஐந்தைத்தான் எடுக்கிறீர்கள், அதனால் ஒரு ஜோடி விழுந்தால் உடனே தோற்றதாக நினைக்க வேண்டாம். ஏஸ், 2, 4, 4, 7, 9, ராஜா வந்திருந்தால் ஒரு நாலையும் ராஜாவையும் ஒதுக்கிவிட்டு 9-7-4-2-ஏஸ் என்று காட்டலாம். 2, 2, 5, 5, 6, ராணி, ராணி போன்ற கையில்தான் தப்ப வழியில்லை. வெவ்வேறு சீட்டு நான்குதான் இருப்பதால் ஒரு ஜோடியை வைத்தே ஆக வேண்டும். அப்போது சிறிய ஜோடியாகிய இரண்டை வைத்துக்கொண்டு ராணி, 6, 5 சேர்ப்பீர்கள்.

இன்னொன்றையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ராஸில் தகுதி வரம்பு கிடையாது. 'எட்டு அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் லோ (சிறிய கை)' என்ற விதி, பெரிய கையும் சிறிய கையும் பாட்டைப் பங்கிடும் ஆட்டங்களான, ஹார்ஸில் வரும் ஒமாஹா ஹை-லோவுக்கும் கடைசியில் வரும் ஸ்டட் ஹை-லோவுக்கும் உரியது. ராஸில் மேசையில் இருப்பவற்றில் எது சிறியதோ அது போதும். ஜாக்கி தலைக் கை பாட் எடுப்பதை அடிக்கடி பார்ப்பீர்கள்.

இனி ஆட்டத்தின் நடை. இரண்டு பேர் முதல் எட்டுப் பேர் வரை ஆடலாம். பெரும்பாலும் பந்தயத் தொகை நிர்ணயிக்கப்பட்ட லிமிட் ஆட்டமாகவே ஆடுவார்கள். பந்தயம் முதலில் 10 சிப் (பணத்துக்குப் பதிலான வில்லை), பிறகு 20 என்ற மேசையை எடுத்துக்கொள்வோம். சீட்டுப் போடும் முன் எல்லோரும் ஆன்ட்டி என்ற சிறு தொகையைப் போட வேண்டும், 2 சிப் என்று வையுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்தும் ஒன்று திறந்தும் வரும். மூன்று சீட்டு வந்துவிட்டதால் இந்தச் சுற்றுக்குப் பெயர் மூன்றாவது ஸ்ட்ரீட். திறந்த சீட்டில் யாருடையது மிகப் பெரியதோ அவர் கட்டாயமாக ஒரு சிறு பந்தயம் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பிரிங்-இன், நம் மேசையில் 3 சிப். இரண்டு ராஜா போல மிகப் பெரிய சீட்டு சமமாகத் திறந்திருந்தால் மட்டும் பூவைப் பார்க்க வேண்டும்: ஸ்பேட் எல்லாவற்றிலும் பெரியது, அடுத்து ஆர்ட்டின், பிறகு டைமன், கடைசியில் கிளாவர். ராஸில் பூவுக்கு வேலை இருக்கும் இடம் ஏறக்குறைய இது ஒன்றுதான்.

அதன்பின் இடப்புறமாக ஒவ்வொருவரும் 3 சிப் போட்டுத் தொடரலாம், சீட்டைப் போட்டுவிடலாம், அல்லது தொகையை 10 ஆக நிறைவு செய்யலாம். நிறைவு செய்த பிறகு 20, 30, 40 என்று பத்துப் பத்தாக ஏற்றலாம். ஒரு பந்தயம், மூன்று ரெய்ஸ் (ஏற்றம்) என்பதுதான் பெரும்பாலான மேசைகளில் உச்சவரம்பு.

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது சீட்டு திறந்து வரும். ஏழாவது மறுபடி கவிழ்ந்து வரும். நான்காவது ஸ்ட்ரீட் வரை பந்தயம் 10, ஐந்தாவதிலிருந்து 20. நான்காவதிலிருந்து கட்டாயப் பந்தயம் எதுவும் இல்லை, செக் செய்யலாம், அதாவது எதுவும் வைக்காமல் அடுத்தவருக்கு விடலாம். யார் முதலில் பேசுவது என்பது இங்கே தலைகீழாகும்: திறந்த சீட்டுகளில் யாருடையது மிகச் சிறியதோ அவர்தான் தொடங்குவார். இரண்டு பேர் சமமாக இருந்தால் டீலருக்கு இடப்பக்கம் முதலில் இருப்பவர். திறந்த ஜோடி இருந்தால் அது எந்த ஜோடியில்லாத சீட்டையும் விடப் பெரியதாகக் கணக்காகும். ஒருவருக்கு 3-3, இன்னொருவருக்கு ராஜா-ராணி திறந்திருந்தால், ராஜா-ராணி வைத்திருப்பவரே முதலில் பேச வேண்டும். ஏழு சீட்டு ஸ்டட்டில் நான்காவது ஸ்ட்ரீட்டில் ஜோடி திறந்தால் பெரிய பந்தயம் வைக்கலாம் என்ற விதி இருக்கிறதே, அது ராஸில் கிடையாது.

ஒரு கையைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தால் இதெல்லாம் தெளிவாகும். எட்டுப் பேர் ஆன்ட்டி போட்டதில் பாட்டில் 16. உங்களிடம் கவிழ்ந்த ஏஸ், 5, திறந்த 7. ஒருவருக்கு ராஜா திறந்திருக்கிறது. அவர் 3 போடுகிறார். நீங்கள் 10 ஆக நிறைவு செய்கிறீர்கள். 4 திறந்திருக்கும் ஒருவர் மட்டும் தொடர்கிறார், மற்றவர்கள் போட்டுவிடுகிறார்கள். பாட் 39. நான்காவது சீட்டாக உங்களுக்கு 2, அவருக்கு ஜாக்கி. உங்கள் 7-2 அவருடைய ஜாக்கி-4 ஐவிடச் சிறியது, எனவே நீங்கள் முதலில் பேசுகிறீர்கள். 10 வைக்கிறீர்கள், அவர் கால் செய்கிறார் (அதே தொகையைப் போட்டுத் தொடர்கிறார்). பாட் 59. ஐந்தாவதில் உங்களுக்கு ராஜா, அவருக்கு 6. இப்போது உங்களுடையது ராஜா-7-2, அவருடையது ஜாக்கி-6-4. பேசும் உரிமை அவரிடம் போய்விட்டது. 20 வைக்கிறார், நீங்கள் தொடர்கிறீர்கள், பாட் 99. ஆறாவதில் உங்களுக்கு இன்னொரு 7, அவருக்கு ராணி. உங்கள் பக்கம் ஜோடி திறந்துவிட்டதால் மறுபடி அவரே முதலில். மறுபடி 20, பாட் 139. ஏழாவது கவிழ்ந்து வருகிறது, உங்களுக்கு அது 3. திறந்த சீட்டு மாறாததால் இப்போதும் அவர்தான் முதலில் பேச வேண்டும். செக் செய்கிறார், நீங்கள் 20 வைக்க, அவர் கால் செய்கிறார். உங்கள் கை 7-5-3-2-ஏஸ். அவரிடம் கவிழ்ந்தவை 3, 8, 9, ஆக 9-8-6-4-3. பாட்டில் இருக்கும் 179 உங்களுக்கு.

ஹார்ஸில் ராஸ் முடிந்ததும் ஏழு சீட்டு ஸ்டட் வரும், அதற்கடுத்து ஸ்டட் ஹை-லோ. அந்த இரண்டிலும் திறந்த சீட்டில் மிகச் சிறியவர்தான் பிரிங்-இன் போட வேண்டும், பிறகு வரும் சுற்றுகளில் பெரிய சீட்டு திறந்திருப்பவர் முதலில் பேச வேண்டும். உங்கள் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஆட்டம் மாறும்போது, எந்த ஆட்டம் நடக்கிறது என்பதைக் காட்டும் பலகை ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கார்டு ரூம்களிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

விதி இவ்வளவுதான். ஆனால் விதி மட்டும் தெரிந்தவருக்கும் ராஸ் ஆடத் தெரிந்தவருக்கும் இடையே இருக்கும் தூரம் முழுக்க, திறந்து கிடக்கும் சீட்டில்தான் இருக்கிறது. ஹோல்டெமில் எதிராளியின் சொந்தச் சீட்டு ஒன்றுகூடத் தெரியாது. ராஸில் அவருடைய ஏழில் நான்கு உங்கள் கண் முன்னால் இருக்கிறது. போட்டுவிட்டுப் போனவர்களின் திறந்த சீட்டையும் பார்த்திருக்கிறீர்கள். அதைப் பயன்படுத்தாமல் ஆடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கும், ஏனென்றால் இந்த ஆட்டத்தின் அழகே அதுதான்.

கணக்கோடு பாருங்கள். உங்களிடம் ஏஸ், 4, 6. அடுத்து உங்களுக்கு வேண்டியவை 2, 3, 5, 7, 8. ஒவ்வொன்றிலும் நான்கு, மொத்தம் 20. ஜோடியாகிக் கெடுக்கக்கூடியவை மிச்சமுள்ள ஏஸ், 4, 6, மொத்தம் 9. மற்ற ஏழு பேரின் திறந்த சீட்டு ஏஸ், 4, 4, 6, 6, ராணி, ராஜா என்று இருந்தால், நீங்கள் பார்க்காத 42 சீட்டில் அந்த இருபதும் அப்படியே இருக்கின்றன. கெடுக்கும் சீட்டு நான்குதான் மிச்சம். மாறாக, அவர்களுக்கு 2, 2, 3, 5, 7, 8, ராஜா திறந்திருந்தால் நல்லவை 14 ஆகச் சுருங்கி, கெடுக்கும் ஒன்பதும் கட்டுக்குள்ளேயே இருக்கும். நல்ல சீட்டு வரும் வாய்ப்பு முதல் மேசையில் சுமார் 48 சதவீதம், இரண்டாவதில் 33. உங்கள் கையில் எதுவும் மாறவில்லை! இரண்டாவது மேசையில் எதிரே இருப்பவர்கள் சிறிய சீட்டோடு இருக்கிறார்கள் என்பது தனிச் சங்கடம்.

அதனால் மூன்றாவது ஸ்ட்ரீட்டில் உங்கள் சீட்டைப் பார்க்கும் முன் மேசையைச் சுற்றிப் பாருங்கள். ஏழு சீட்டையும் மனதில் வைப்பது முதலில் கடினமாக இருக்கும். எட்டுக்கு மேற்பட்டதை விட்டுவிட்டு, சிறிய சீட்டு எவை போயின என்பதை மட்டும் வரிசைப்படி, 'ரெண்டு ரெண்டு மூணு அஞ்சு' என்பதுபோல, மனதுக்குள் சொல்லி வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.

எந்தக் கையோடு தொடங்கலாம்? தொடக்கக்காரருக்கு ஒரே வரி: மூன்றும் எட்டுக்குள், மூன்றும் வெவ்வேறு. இப்படிப்பட்ட மூன்று சீட்டு ஏறக்குறைய ஆறு கைக்கு ஒரு முறைதான் வரும். மற்றதையெல்லாம் போட்டுவிடப் பொறுமை வேண்டும். ஒரு விலக்கு உண்டு. உங்களுக்கு முன்னால் எல்லோரும் போட்டுவிட்டு, பிரிங்-இன் போட்ட ராஜாக்காரர் மட்டும் எதிரே இருந்து, உங்களுக்குத் திறந்திருப்பது 3 போன்ற சிறிய சீட்டு என்றால், கவிழ்ந்த இரண்டும் எதுவாக இருந்தாலும் 10 ஆக நிறைவு செய்யுங்கள். அவரால் பெரும்பாலும் தொடர முடியாது, ஆன்ட்டி உங்களுக்கு வரும்.

அடுத்து, நான் மிகவும் மதிக்கும் ஒரு சிறிய கணக்கு. எதிராளிக்கு நான்கு சீட்டு திறந்திருக்கும்போது, கவிழ்ந்தவை அதிகபட்சம் மூன்றே. ஐந்து சீட்டுக் கை அமைக்க அவர் திறந்தவற்றிலிருந்து குறைந்தது இரண்டை எடுத்தே ஆக வேண்டும். ஆகவே அவருடைய திறந்த சீட்டில் வெவ்வேறானவற்றை வரிசைப்படுத்தி, இரண்டாவது சிறியது எது என்று பாருங்கள். அவருடைய கையின் தலை அதைவிடச் சிறியதாக இருக்கவே முடியாது. அவருக்கு 5, 5, ஜாக்கி, ராணி திறந்திருந்தால் அவரால் எட்டக்கூடிய மிகச் சிறந்த கை ஜாக்கி தலைதான், கவிழ்ந்தவை ஏஸ், 2, 3 ஆகவே இருந்தாலும். உங்களிடம் ஏற்கெனவே 10-8-5-3-2 இருந்தால் நீங்கள் தோற்க வழியே இல்லை. ஆறாவதிலும் ஏழாவதிலும் தயங்காமல் பந்தயம் வைக்கலாம். மேலே ஓட்டிப் பார்த்த கையில், கடைசியில் அவர் கால் செய்தது ஏன் தவறில்லை என்றும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்: உங்களுக்குத் திறந்திருந்த 7, 2, ராஜா, 7 ஐப் பார்த்தால் ஏழு தலைக் கை முடியும், ஆனால் அது வந்தே தீரும் என்றில்லை, ஒன்பது தலையோடு அவர் பார்த்துவிட்டார்.

நான்காவது ஸ்ட்ரீட்டில் உங்களுக்குப் பெரிய சீட்டு வந்து எதிராளிக்குச் சிறியது வந்தால், பெரும்பாலான நேரம் அங்கேயே போட்டுவிடுவது நல்லது. ஐந்தாவதிலிருந்து பந்தயம் இரட்டிப்பாவதால், அந்த வாசலைத் தாண்டினால் கடைசிவரை போகும் எண்ணத்தோடுதான் தாண்ட வேண்டும்.

அந்த ஐந்தாவது ஸ்ட்ரீட்டில் ஒரு விஷயம் பலருக்கும் வியப்பாக இருக்கும். ஒருவரிடம் 9-8-7-6-5 முடிந்துவிட்டது. இன்னொருவரிடம் ஏஸ்-2-3-4, கூட ஒரு ராஜா. முடிந்த கைதான் முன்னால் நிற்பதாகத் தோன்றும். ஆனால் இரண்டாமவருக்கு 5, 6, 7, 8, 9 எது வந்தாலும் அந்தக் கையை முந்திவிடுவார். பார்க்காத 42 சீட்டில் அப்படிப்பட்டவை 15. இன்னும் இரண்டு சீட்டு வரவிருக்கிறது. ஒன்றாவது விழும் வாய்ப்பு 59 சதவீதம். முதல் ஆள் தன் கையை மேலும் சிறிதாக்கிக்கொள்ளும் வாய்ப்பைக் கழித்தாலும் இரண்டாமவர் பாதிக்குச் சற்று மேலேயே நிற்பார். எல்லாம் ஒட்டி நிற்கும் பெரிய ஒன்பதைவிட, அடியில் சின்னதாகச் சேர்ந்த நான்கு சீட்டுக்கு ஐந்தாவதில் பலம் அதிகம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ராஸ் அலுப்பான ஆட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புவதில்லை. லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரில் 1970களிலிருந்தே ராஸுக்குத் தனிப் போட்டி இருக்கிறது. 1997இல் அந்தப் போட்டியை லிண்டா ஜான்சன் வென்றார். ஹோல்டெமுக்குப் பெயர்போன பில் ஹெல்முத், 2012இலும் 2015இலும் ராஸ் பட்டங்களை எடுத்தார். ஹோல்டெம் ஆட்டக்காரர் ஒருவர் திறந்த சீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் எங்கே போய் நிற்கலாம் என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

புதிய மேசையில் உட்காரும்போது எந்த வகை ராஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏஸைப் பெரிய சீட்டாக வைத்து, ஸ்ட்ரெயிட்டையும் ஃப்ளஷையும் குறையாக எண்ணும் இரண்டு-ஏழு ராஸ் என்று ஒன்று உண்டு. அதில் ஒரே பூவாக இல்லாத 7-5-4-3-2 தான் உச்சக் கை. லண்டன் லோபாலில் ஏஸ் சின்னதுதான், ஆனால் ஸ்ட்ரெயிட் கெடுக்கும் என்பதால் 6-4-3-2-ஏஸ் உச்சம். எட்டுப் பேரும் கடைசிவரை நின்றால் 56 சீட்டு வேண்டும், கட்டில் 52 தானே என்ற கேள்வியும் வரும்; அப்படி நேர்ந்தால் கடைசிச் சீட்டை நடுவில் திறந்து வைத்து எல்லோருக்கும் பொதுவாக்குவார்கள். நடைமுறையில் அது மிக அரிது.

பழகுவதற்குப் பணம் தேவையில்லை. இந்தியாவில் இருப்பவர் என்றால், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். ஒரு சீட்டுக்கட்டு போதும். தனியாக இருக்கும்போது ஏழு ஏழாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் பார்த்தவுடன் 'ஒன்பது-ஏழு', 'பத்து-எட்டு' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் இன்னொரு ஏழைப் பரப்பி எது சிறியது என்று சொல்லுங்கள். நண்பர்கள் இருந்தால் முதல் சில கைகளை எல்லாச் சீட்டும் திறந்தே ஆடுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் யார் முதலில் என்பதை எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். அடுத்த கட்டமாகக் கவிழ்த்து ஆடி, மூன்றாவது ஸ்ட்ரீட் முடிந்து சிலர் போட்டுவிட்டுப் போனதும் ஆட்டத்தை நிறுத்தி, போன திறந்த சீட்டு எவை என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். பதில் தடையில்லாமல் வரத் தொடங்கியதும் ஹார்ஸ் மேசைக்குத் திரும்பலாம்.